ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கான இதய சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க நாடுகளில் குழந்தைகளுக்கான இதய சிகிச்சையைப் பற்றி நன்கொடையாளர்களும் மருத்துவ மாணவர்களும், அங்கே சென்று பணியாற்ற எண்ணும் செவிலியரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. அறுவை அரங்கில் நடப்பதைப் பற்றியே பெரும்பாலோர் கேட்கிறார்கள். ஆனால் குழந்தைகள் கைநழுவிப் போவது பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும்தான் என்பதால், அந்தப் பகுதிகளுக்கே இங்கு கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

ஆப்பிரிக்காவில் இதய அறுவை சிகிச்சை வசதியே கிடையாதா?

அப்படி நினைப்பது தவறு. உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், குரூட் ஸ்கூர் மருத்துவமனையில், கிறிஸ்டியான் பர்னார்ட் தலைமையில் நடந்தது. நைஜீரியாவின் எனுகு நகரில் 1974ஆம் ஆண்டிலேயே திறந்த இதய அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. ஜெர்மனியில் பணியாற்றிய குவாபெனா ஃப்ரிம்போங்-போட்டெங் தாய்நாடான கானாவுக்குத் திரும்பி, அக்ரா நகரின் கோர்லே பூ மருத்துவமனையில் இதய-மார்பு அறுவை சிகிச்சை மையத்தை நிறுவினார். எகிப்தின் அஸ்வானில் இதய அறுவை நிபுணர் மக்தி யாக்கூபின் அறக்கட்டளை நடத்தும் இதய மையம் 2009 முதல் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்து வருகிறது.

குறை எங்கே இருக்கிறதென்றால், இந்த மையங்கள் கண்டத்தின் வட விளிம்பிலும் தென் முனையிலும் செறிந்திருக்க, இடையில் உள்ள பெரும்பரப்பில் விரல்விட்டு எண்ணும்படியாகவே இருக்கின்றன. இருப்பவையும் எல்லா ஆண்டும் ஒரே சீராக இயங்குவதில்லை. எனுகுவிலேயே பணி நெடுங்காலம் தடைபட்டு, பின்னர் வெளிநாட்டுக் குழுக்களின் துணையோடு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. ஓர் அறுவை சிகிச்சையை ஒருமுறை செய்து காட்டுவதைவிட, அதை இருபது ஆண்டுகள் விடாமல் செய்துகொண்டிருப்பது பன்மடங்கு கடினம் என்பதற்கு அந்த வரலாறே போதுமான சான்று.

அங்குள்ள குழந்தைகளை எந்த இதய நோய்கள் தாக்குகின்றன?

முதலாவது வகை பிறவியிலேயே வருவது. நம் ஊரில் ‘இதயத்தில் ஓட்டை’ என்று பொதுவாகச் சொல்லப்படும் குறைபாடுகளும், இதயத்தின் குழாய்கள் இடம் மாறியோ குறுகியோ அமைவதும் இதில் அடங்கும். இரண்டாவது வகை ருமாட்டிக் இதய நோய்; இது பிறந்த பின்னர், பள்ளி செல்லும் வயதில், தொண்டைப் புண்ணிலிருந்து தொடங்குவது. பணக்கார நாடுகளின் குழந்தைகள் மருத்துவமனைகளில் முதல் வகைதான் ஏறக்குறைய முழுப் பணியையும் எடுத்துக்கொள்கிறது. ஆப்பிரிக்காவில் இரண்டு சுமைகளும் ஒரே மருத்துவரின் மேசைக்கு வந்து சேர்கின்றன.

மூன்றாவதாக, அதிகம் பேசப்படாத ஒரு நோயும் உண்டு. இதய அறைகளின் உட்சுவர் தழும்பேறித் தடித்து, அறையே சுருங்கிப்போகும் இந்த நோயை 1948இல் உகாண்டாவின் கம்பாலாவில் மருத்துவர் ஜாக் டேவிஸ் விவரித்தார். மொசாம்பிக்கின் இன்யாரிமே பகுதியில் அந்நாட்டு இதய மருத்துவர் ஆனா ஓல்கா மொகும்பியின் குழுவினர் 1,063 பேருக்கு, ஒலியலைகளால் இதயத்தைப் படமாக்கிக் காட்டும் எக்கோ பரிசோதனை செய்து பார்த்தபோது 211 பேரிடம் இதன் அடையாளங்கள் தென்பட்டன. 2008இல் வெளியான அந்த ஆய்வின்படி பாதிப்பு அதிகமாக இருந்தது 10 முதல் 19 வயதினரிடம். நமக்கு அண்டையிலுள்ள கேரளத்திலும் ஒரு காலத்தில் இதே நோய் பரவலாக இருந்தது என்பதும், அங்கே அது காலப்போக்கில் குறைந்துவிட்டது என்பதும் தமிழ் வாசகர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஏன் வருகிறது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை.

பிறவிக் குறைபாடு ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு அதிகமாக வருகிறதா?

இல்லை. உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஏதேனும் ஓர் இதயக் குறைபாடு இருக்கும் என்பது உலகெங்கும் பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. அவர்களில் சுமார் நான்கில் ஒரு பங்கினருக்கு முதல் ஆண்டுக்குள்ளேயே அறுவை சிகிச்சையோ, மார்பைத் திறக்காமல் இரத்தக் குழாய் வழியே செய்யும் சிகிச்சையோ தேவைப்படும். பிறப்பு எண்ணிக்கையால்தான் சுமை பெருகுகிறது. நைஜீரியாவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 75 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. மேற்சொன்ன கணக்கைப் பொருத்தினால் ஆண்டுதோறும் 60 ஆயிரம் குழந்தைகள், அவர்களில் 15 ஆயிரம் பேருக்கு உடனடிச் சிகிச்சை என்றாகிறது. அந்நாட்டின் எல்லா அறுவை அரங்குகளையும் சேர்த்தாலும் இந்த எண்ணிக்கையின் அருகில்கூட நெருங்க முடியாது.

நோய் ஏன் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது?

காரணங்கள் பல, அவற்றுள் சில மிகச் சாதாரணமானவை. வீட்டிலேயே மகப்பேறு நடந்தால் குழந்தையின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்க்க யாரும் இருப்பதில்லை. சுகாதார நிலையத்தில் பிறந்தாலும் சில மணி நேரத்தில் தாயும் சேயும் வீடு திரும்பிவிடுகிறார்கள். பின்னர் குழந்தை பால் குடிக்கும்போது வியர்ப்பதும், பாதியில் களைத்துப்போய் விட்டுவிடுவதும், எடை கூடாமல் இருப்பதும், அடிக்கடி மூச்சு இரைப்பதும் நிமோனியா என்றோ ஊட்டச்சத்துக் குறைவு என்றோ பதிவாகின்றன. நிமோனியாவும் ஊட்டச்சத்துக் குறைவும் உண்மையிலேயே பரவலாக உள்ள இடத்தில், நூறு குழந்தைகளைப் பார்க்கும் ஒரு செவிலியர் அதற்கு அப்பால் ஒன்றைச் சந்தேகிப்பது எளிதன்று. இதயத்தில் பெரிய ஓட்டை உள்ள குழந்தைக்கு நுரையீரல் தொற்று அடிக்கடி வரும் என்பதால் அவர் எழுதியது பொய்யும் ஆகாது; பாதி உண்மை.

இன்னொரு காரணத்தைப் பாடநூல்கள் நெடுநாள் கவனிக்கவில்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்த குழந்தை ‘நீலம் பாய்ந்திருக்கும்’ என்று நாம் படிக்கிறோம். கருநிறத் தோலில் அந்த நீலம் கன்னத்திலோ விரலிலோ எளிதில் தெரியாது. நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இது தமிழகக் குழந்தைகளுக்கும் பொருந்தும்.

அப்படியானால் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் போதுமே?

இரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை விழுக்காடு என்று தோலின் மேலிருந்தே காட்டும் இந்தச் சிறு கருவி மிகவும் உதவும், ஆனால் போதாது. பிறந்து 24 மணி நேரம் ஆன பிறகு குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் அளந்து, இரண்டிலும் 95 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தாலோ, இரண்டுக்கும் இடையே 3 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ மறுபடி அளந்து பார்த்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. 90க்குக் கீழே போனால் காத்திருக்காமல் உடனே அனுப்ப வேண்டும். கருவியின் விலையும் குறைவுதான். இருப்பினும் மூன்று தடைகள் உள்ளன. 24 மணி நேரத்துக்கு முன்பே வீடு திரும்பும் குழந்தையை அளக்க முடியாது. கருநிறத் தோலில் இக்கருவிகள் உள்ளதைவிடச் சற்று அதிகமான அளவைக் காட்டக்கூடும் என்பது இப்போது நன்கு நிறுவப்பட்ட செய்தி. எல்லாவற்றுக்கும் மேலாக, நீலம் பாய்விக்காத குறைபாடுகளை, குறிப்பாகக் கீழறைகளுக்கு இடையிலான சாதாரண ஓட்டையை, இது காட்டவே காட்டாது.

கண்டுபிடித்த குழந்தையை அனுப்புவதற்கு ஓர் இடம் இல்லையென்றால் கண்டுபிடிப்பதே கொடுமையாகிவிடும் என்று அங்குள்ள மருத்துவர்கள் சிலர் வாதிடுவதுண்டு. அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருந்தாலும், எண்ணிக்கை தெரியாத நோய்க்கு எந்த நிதி அமைச்சகமும் பணம் ஒதுக்காது என்பதால், அறுவை அரங்கு வரும்வரை கண்டறிதலைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே என் கருத்து.

சில ஆண்டுகள் தாமதமானால் என்ன? வளர்ந்த பிறகு அறுவை சிகிச்சை செய்ய முடியாதா?

சில குறைபாடுகளுக்கு முடியும்; பலவற்றுக்கு முடியாது. கீழறைகளுக்கு இடையே பெரிய ஓட்டை இருந்தால், இதயத்தின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு இரத்தம் மிகுந்த அழுத்தத்தோடு பாய்ந்து நுரையீரலுக்குள் வெள்ளமெனச் செல்லும். ஆண்டுக் கணக்கில் அதைத் தாங்கும் நுரையீரல் இரத்தக் குழாய்கள் தடித்து இறுகிவிடுகின்றன. இறுதியில் நுரையீரலின் அழுத்தம் மிஞ்சி, ஓட்டையின் வழியே இரத்தம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். அந்த நிலையில் ஓட்டையை மூடினால் நோயாளி இறந்துபோவார். முதல் ஆண்டில் ஓரிரு மணி நேர அறுவையில் தீர்ந்திருக்கக்கூடிய குறைபாடு, எட்டு வயதில் எந்த அறுவை நிபுணராலும் தொட முடியாததாகிவிடுகிறது. ஐரோப்பாவில் பயிற்சி பெறும் மருத்துவர்கள் பலர் தம் பணிக்காலம் முழுவதிலும் அரிதாகவே காணும் இந்த முற்றிய நிலையை ஆப்பிரிக்க மருத்துவர்கள் வழக்கமாகவே காண்கிறார்கள்.

நீலம் பாயும் குழந்தைகளின் கதை வேறு. நான்கு குறைகள் சேர்ந்த ஃபாலோ நோயில், குழந்தை ஓடி விளையாடும்போது திடீரென்று நின்று குத்துக்காலிட்டு உட்காரும். அப்படி உட்கார்ந்தால் மூச்சு சற்று எளிதாகிறது என்பதை யாரும் சொல்லித்தராமல் தானே கற்றுக்கொள்கிறது. விரல் நுனிகள் பருத்து, இரத்தம் தடித்து, மூளையில் சீழ்க்கட்டியோ பக்கவாதமோ வரும் அபாயத்துடன் சில குழந்தைகள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை தாக்குப்பிடிக்கின்றன. அந்த வயதிலும் இவர்களுக்கு அறுவை செய்யலாம், பலன் கிடைக்கும். ஆனால் அந்த வயதை எட்டாமலேயே போனவர்களை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

தொண்டைப் புண் இதயத்தை எப்படிக் கெடுக்கிறது?

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியின் ஒரு பிரிவு தொண்டையில் தொற்றும்போது, உடலின் எதிர்ப்பாற்றல் அக்கிருமியைத் தாக்கக் கிளம்பி, சில குழந்தைகளிடம் தன் சொந்தத் திசுக்களையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது. சில வாரங்கள் கழித்து மூட்டுகள் ஒன்று மாற்றி ஒன்றாக வீங்கி வலிக்கும், காய்ச்சல் வரும். அதுவே ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் சுவடின்றி மறைந்துவிடும். இதய வால்வுகளில் விழுந்த வடு மறைவதில்லை. ஒவ்வொரு முறை தொற்று திரும்பும்போதும் வடு ஆழமாகி, வால்வு சரியாக மூடாமலோ திறக்காமலோ போகிறது.

ஒரே அறையில் ஆறேழு பேர் உறங்கும் வீடுகளிலும், நெரிசலான வகுப்பறைகளிலும் இக்கிருமி எளிதில் பரவுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதிவரை இது பரவலாக இருந்தது. வீட்டு வசதியும் பென்சிலினும் சேர்ந்து அதை ஒழித்தன. அங்கே ஒழிந்ததும் ஆராய்ச்சிப் பணமும் ஒழிந்தது என்பதை மனவருத்தத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது. 2018இல் உலக சுகாதாரப் பேரவை இந்நோயைப் பற்றித் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர்களில் முதன்மையானவர் கேப் டவுனின் இதய மருத்துவர் பொங்கானி மயோசி. தீர்மானம் நிறைவேறிய சில வாரங்களில் அவர் காலமானார்.

இந்நோயை ஊசி மருந்தால் தடுக்க முடியும் என்பது உண்மையா?

உண்மை, இதற்கான வலுவான சான்று ஆப்பிரிக்காவிலிருந்தே வந்தது. முதலில், எக்கோ கருவி கண்ணோட்டத்தை மாற்றியது. மொசாம்பிக்கில் 2,170 பள்ளிக் குழந்தைகளை ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, பின் எக்கோவால் உறுதிசெய்தபோது ஐந்து பேருக்கு நோய் இருந்தது. அதே குழந்தைகள் அனைவருக்கும் எக்கோ செய்தபோது 66 பேரிடம் தென்பட்டது. 2007இல் வெளியான இந்த முடிவு ஒரு புதுக் கேள்வியை எழுப்பியது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் எக்கோவில் மட்டும் மாற்றம் தெரியும் குழந்தைக்கு, மாதந்தோறும் வலிக்க வலிக்க ஊசி போடுவது நியாயமா?

உகாண்டாவின் வடக்கே குலு பகுதியில் நடந்த ஆய்வு அதற்கு விடை தந்தது. உகாண்டா இதய நிறுவனத்தின் எம்மி ஒகெல்லோவும் அமெரிக்காவின் ஆண்ட்ரியா பீட்டனும் அதை முன்னின்று நடத்தினர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எக்கோ செய்து, மறைந்த நிலையில் நோயுள்ள 818 பேரைத் தேர்ந்து, ஒரு பாதியினருக்கு நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சாதைன் பென்சிலின் ஊசி போட்டார்கள். மறுபாதியினரைக் கண்காணிக்க மட்டும் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழிந்தபோது ஊசி போட்டவர்களில் 0.8 விழுக்காட்டினருக்கும், போடாதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியிருந்தது. 2021இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, பள்ளிகளில் எக்கோ பரிசோதனை வீண் வேலை என்று சொல்வது கடினமாகிவிட்டது. ஏராளமான ஊசிகள் போடப்பட்டும் லேசான ஒவ்வாமை அதிர்ச்சி ஒரேயொரு முறைதான் ஏற்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் அடுத்த கேள்வி அதைப் பற்றியதே.

மருந்து மலிவு என்றால், ஏன் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைப்பதில்லை?

மலிவாக இருப்பதே ஒரு காரணம். இலாபம் மிகக் குறைவான பழைய மருந்தைத் தயாரிக்க நிறுவனங்கள் ஆர்வம் காட்டுவதில்லை. ஆகவே உலக அளவில் அடிக்கடி தட்டுப்பாடு ஏற்படுகிறது. தரக்குறைவான தூளாக வந்தால் ஊசி அடைத்துக்கொள்ளும். அடுத்தது அச்சம். ஊசி போட்ட சில நிமிடங்களில் நோயாளி ஒருவர் இறந்தால், அந்த மாவட்டத்தில் எந்தச் செவிலியரும் மறுபடி அந்த ஊசியைத் தொடமாட்டார். அத்தகைய இறப்புகளில் பலவற்றுக்கு ஒவ்வாமை காரணமில்லை என்றும், வால்வு மிகவும் பழுதான நோயாளியின் இதயம் ஊசியின் வலியையும் அதிர்ச்சியையும் தாங்காமல் நின்றிருக்கலாம் என்றும் இப்போது கருதப்படுகிறது. அதனால்தான் நோய் முற்றியவர்களுக்கு மாத்திரையாகப் பென்சிலின் தரலாம் என்று 2022இல் அமெரிக்க இதயச் சங்கம் அறிவுறுத்தியது.

மூன்றாவது, வலி. தொடையிலோ பிட்டத்திலோ போடப்படும் இந்தக் கெட்டியான மருந்து ஓரிரு நாள் கடுக்கும். எந்தக் குறையும் உணராத ஒன்பது வயதுச் சிறுமியை, பத்தாண்டுகளுக்கும் மேலாக மாதந்தோறும், பல மைல் நடத்திக் கூட்டிச் சென்று ஊசி போடச் சொல்கிறோம் என்பதை எண்ணிப்பார்த்தால், ஊசியைத் தவறவிடும் தாயை ‘அறியாமை’ என்று குறைகூற மனம் வராது. மரத்துப்போகும் மருந்தைக் கலந்து போடுவது, பள்ளியிலேயே போடுவது, தேதியை நினைவூட்டும் பதிவேடு ஒன்றை ஒரே செவிலியர் தொடர்ந்து பார்த்துக்கொள்வது ஆகிய சின்னச் சின்ன ஏற்பாடுகளே இங்கு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

குழந்தைகளை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்று சிகிச்சை அளிப்பது நல்ல வழியா?

அந்த ஒரு குழந்தைக்கு நல்ல வழி. இஸ்ரேலில் 1995இல் அமி கோஹன் தொடங்கிய அமைப்பும், பிரான்சில் 1996இல் குழந்தைகள் இதய அறுவை நிபுணர் ஃபிரான்சின் லெக்கா தொடங்கிய அமைப்பும் இந்த வழியில் பல குழந்தைகளைக் காப்பாற்றியுள்ளன. சென்னையின் மருத்துவமனைகளுக்கும் தான்சானியா, நைஜீரியா, எத்தியோப்பியா முதலிய நாடுகளிலிருந்து குழந்தைகள் வருகிறார்கள். ஐரோப்பாவைவிடச் செலவு குறைவு என்பதே முதன்மைக் காரணம்.

ஆனால் விமானக் கட்டணம், விசா, உடன் வரும் தாயின் தங்குமிடம், மொழி என்று ஒவ்வொரு பயணமும் மாதக் கணக்கில் இழுக்கும். பிறந்து சில நாட்களே ஆன, மிக அவசரமான குழந்தையால் அந்தப் பயணத்தைத் தாங்கவே முடியாது. பயணத்தைத் தாங்கக்கூடிய குழந்தையே தேர்ந்தெடுக்கப்படுகிறது. பயணத்தைத் தாங்காத குழந்தை பட்டியலுக்குள்ளேயே வருவதில்லை. ஊரில் எஞ்சியிருக்கும் மருத்துவரோ இந்த வழியில் எதையும் கற்றுக்கொள்வதில்லை. இதை உணர்ந்த சில அமைப்புகள் குழந்தைகளோடு மருத்துவர்களையும் அழைத்துப் பயிற்சி தரத் தொடங்கின. தான்சானியாவின் முதல் குழந்தைகள் இதய அறுவை நிபுணர் இஸ்ரேலின் ஹோலோன் நகரில் பல ஆண்டுகள் பயிற்சி பெற்றுத் தாய்நாடு திரும்பியவர். அமி கோஹன் 2001இல் அதே தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலையில் ஏறும்போது உயிரிழந்தார் என்பது தற்செயலான, துயரமான பின்குறிப்பு.

வெளிநாட்டுக் குழுக்கள் ஓரிரு வாரங்கள் வந்து அறுவை செய்துவிட்டுப் போவதால் பயனுண்டா?

எண்ணிக்கையில் பார்த்தால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இரண்டு வாரத்தில் பத்து, இருபது குழந்தைகளுக்குச் செய்ய முடியும். குழு விமானம் ஏறிய மறுநாள் ஒரு குழந்தைக்கு மார்புக்குள் நீர் கோத்துக்கொண்டால் அதைக் கவனிக்க யார் இருக்கிறார்கள் என்பதே அந்தப் பயணத்தின் தரத்தைச் சொல்லும் கேள்வி. ஒரே குழு ஒரே மருத்துவமனைக்கு ஆண்டுக்குப் பலமுறை வந்து, முதல் ஆண்டில் தான் செய்ய உள்ளூர்க்காரர் உதவவும், மூன்றாம் ஆண்டில் உள்ளூர்க்காரர் செய்யத் தான் உதவவும், பின்னர் வரவே தேவையில்லாத நிலைக்கும் வந்தால் அந்தப் பயணங்கள் பயனுள்ளவை. ஒவ்வொரு முறையும் புதுக் குழு புதுப் பழக்கங்களோடு வந்தால், உள்ளூர்ச் செவிலியர்களுக்குக் குழப்பமே மிஞ்சும்.

நிரந்தரமான மையம் அமைக்க என்னென்ன தேவை?

அறுவை நிபுணர் ஒருவர் என்றே பலரும் விடை சொல்வார்கள். உண்மையில் அவர் பட்டியலின் நடுவில் எங்கோ வருகிறார். குழந்தைகளுக்கான எக்கோவைத் துல்லியமாகச் செய்யும் இதய மருத்துவர், குழந்தைகளுக்கு மயக்க மருந்து தரப் பயின்றவர், அறுவையின்போது இதயத்தின், நுரையீரலின் வேலையை ஏற்கும் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட், கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளர், எந்நேரமும் இயங்கும் இரத்த வங்கி, தடையற்ற மின்சாரம், ஆக்ஸிஜன் ஆலை ஆகிய அனைத்தும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் சரியாக இருந்தால்தான் ஓர் அறுவை நடக்கும். அந்த இயந்திரத்தில் பொருத்தும், இரத்தத்தில் ஆக்ஸிஜனை ஏற்றும் ஆக்ஸிஜனேட்டர் ஒருமுறை மட்டுமே பயன்படுவது, குழந்தையின் எடைக்கேற்ற அளவில் வேண்டும், பெரும்பாலும் இறக்குமதி. சுங்கத்துறையில் ஒரு பெட்டி தேங்கிக் கிடந்தால், அரங்கும் ஆட்களும் தயாராக இருந்தும் பட்டியல் முழுவதும் தள்ளிப்போகும்.

எல்லாவற்றிலும் அரிதானவர் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர். அறுவை முடிந்த முதல் இரவில் குழந்தையின் சிறுநீர் குறைவதையும், குழாயில் இரத்தம் கூடுவதையும், இதயத் துடிப்பின் தாளம் மாறுவதையும் முதலில் காண்பவர் அவரே. அந்தக் கண்ணைப் பழக்க ஆண்டுகள் ஆகும். பழகிய செவிலியரை வளைகுடா நாடோ பிரிட்டனோ இரட்டிப்புக்கும் மேலான சம்பளத்துக்கு அழைத்துக்கொள்கிறது. செவிலியர்களை ஏற்றுமதி செய்யும் தென்னிந்தியாவின் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அறுவை நிபுணர்களைப் பாராட்டும் விழாக்களில் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியாவது செவிலியர்களைத் தக்கவைக்கும் ஊதியத்துக்குப் போயிருந்தால், பல மையங்கள் இன்று வேறு நிலையில் இருந்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவே சில மையங்கள் வேரூன்றியுள்ளன. அடிஸ் அபாபாவின் டிக்குர் அன்பெசா மருத்துவமனை வளாகத்தில் 2009இல் எத்தியோப்பிய இதய மையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு கேமரூனின் ஷிசோங்கில் கன்னியர் சபையொன்று இதய மையம் தொடங்கியது. தார் எஸ் சலாமில் ஜக்காயா கிக்வெத்தே இதய நிறுவனம் 2015இல் தனி நிறுவனமானது. செனகலின் டாக்கரில் ஃபான் மருத்துவமனை வளாகத்தில் குழந்தைகளுக்கான குவோமோ மையம் 2017இல் தொடங்கியது.

சூடானின் சலாம் மையம் ஏன் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது?

ஜினோ ஸ்ட்ராடா நிறுவிய இத்தாலிய அமைப்பான எமர்ஜென்சி, 2007இல் கார்ட்டூமின் புறத்தே சோபாவில், நீல நைல் ஆற்றின் அருகே இதைத் திறந்தது. அறுவை சிகிச்சை முற்றிலும் இலவசம். அண்டை நாடுகளுக்கு அதன் மருத்துவர்களே சென்று நோயாளிகளைத் தேர்ந்து அழைத்துவந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ருமாட்டிக் நோயால் வால்வு பழுதான இளையோர். பாலைவனப் புழுதியையும் கடும் வெயிலையும் சமாளிக்கக் காற்றை வடிகட்டிக் குளிர்விக்கும் ஏற்பாடுகளும், சூரிய வெப்பத்தைப் பயன்படுத்தும் குளிரூட்டலும், கட்டுமானப் பொருள்கள் வந்த சரக்குப் பெட்டகங்களையே ஊழியர் குடியிருப்பாக மாற்றியதும் கட்டடக் கலைஞர்களின் கவனத்தையும் ஈர்த்தன. 2013இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

அதன் மீது ஒரு விமர்சனமும் உண்டு. பொதுச் சுகாதாரமே நலிந்த நாட்டில் இவ்வளவு உயர்தர மையம் தேவைதானா, அந்தப் பணத்தில் எத்தனை தடுப்பூசி போடலாம் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மருத்துவம் மனித உரிமையென்றால் ஐரோப்பியருக்கு நாம் கேட்கும் தரத்தையே ஆப்பிரிக்கருக்கும் கேட்க வேண்டும் என்பது ஸ்ட்ராடாவின் நிலைப்பாடு. 2023 ஏப்ரலில் கார்ட்டூமில் போர் மூண்டபோது, எந்தக் கட்டடமும் தன்னைச் சுற்றியுள்ள நாட்டைவிட உறுதியாக இருக்க முடியாது என்பது தெரிந்தது. அங்கே வால்வு பொருத்திக்கொண்டவர்கள் பல ஊர்களுக்கும் எல்லைக்கு அப்பாலும் சிதறிப்போனார்கள்.

வால்வை மாற்றிவிட்டால் குழந்தை குணமாகிவிடுமா?

ஒரு நோய் போய் இன்னொரு பொறுப்பு வந்து சேரும் என்பதே சரியான விடை. உலோக வால்வில் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை வேண்டும். அளவு கூடினால் மூளையில் இரத்தக் கசிவு. குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும் அல்லது பக்கவாதம் வரும். அதனால் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையை மாதந்தோறும் செய்து மாத்திரையின் அளவைத் திருத்த வேண்டும். அந்தப் பரிசோதனை தலைநகரில் மட்டுமே கிடைக்கும் நாட்டில், இருநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூர்ச் சிறுவனுக்கு உலோக வால்வு பொருத்துவது அரைகுறை வைத்தியமே. விலங்குத் திசு வால்வுக்கு இந்த மாத்திரை தேவையில்லை. ஆனால் வளரும் குழந்தையின் உடலில் அது சில ஆண்டுகளிலேயே சுண்ணாம்பேறிப் பழுதாகி, மறுபடி மார்பைத் திறக்க வேண்டியதாகும். எனவேதான் முடிந்தவரை சொந்த வால்வையே செப்பனிட முயல்கிறார்கள்.

சிறுமிகளுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. வார்ஃபரின் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கும். மாத்திரையை நிறுத்தினால் தாயின் உயிருக்கு ஆபத்து. பதினாறு பதினேழு வயதிலேயே திருமணம் நடக்கும் இடங்களில், பன்னிரண்டு வயதில் வால்வைத் தேர்ந்தெடுக்கும்போதே அவளுடைய மகப்பேற்றைப் பற்றியும் தாயிடம் பேசியாக வேண்டும். மயோசியின் தலைமையில் பன்னிரண்டு ஆப்பிரிக்க நாடுகளோடு இந்தியாவும் ஏமனும் பங்கேற்ற ஆய்வில் 3,343 ருமாட்டிக் இதய நோயாளிகள் பின்தொடரப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் இறந்துபோனார்கள், அதுவும் பெரும்பாலும் முப்பது வயதுக்கு முன்பே.

செலவை யார் ஏற்கிறார்கள்?

பெரும்பாலான நாடுகளில் குடும்பமே ஏற்கிறது; அதாவது பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிகிச்சை நடப்பதில்லை. சில இடங்களில் அரசு மானியமும், சில இடங்களில் அறக்கட்டளைகளும் கைகொடுக்கின்றன. நைரோபியின் மேட்டர் மருத்துவமனை ஆண்டுதோறும் நடத்திவந்த ‘இதய ஓட்டம்’ கென்ய மக்களிடமே பணம் திரட்டியதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2018இல் வெளியான கேப் டவுன் பிரகடனத்தில் உலகின் இதய அறுவைச் சங்கங்கள், தாழ்ந்த வருமான நாடுகளில் உள்ளூர் மையங்களை வளர்க்கப் பொதுவான ஓர் அமைப்பை ஏற்படுத்துவதாக ஒப்புக்கொண்டன. தேசியக் காப்பீட்டுத் திட்டங்களுக்குள் குழந்தைகளின் இதய அறுவை வராதவரை நன்கொடையை நம்பும் நிலை மாறாது.

இங்கிருந்து உதவ விரும்புவோர் எதைக் கவனிக்க வேண்டும்?

பணம் தருபவர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: வெளிநாட்டுக் குழு இல்லாத மாதங்களில் அங்கே எத்தனை அறுவைகள் நடந்தன, அறுவை செய்துகொண்ட குழந்தைகளில் ஓராண்டு கழித்து எத்தனை பேர் மறுபரிசோதனைக்கு வந்தார்கள், பயிற்சி பெற்ற செவிலியர்களில் எத்தனை பேர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். படங்களும் கண்ணீர்க் கதைகளும் மட்டுமே பதிலாக வந்தால் வேறு அமைப்பைத் தேடலாம். பயிற்சி பெற்றவர்கள், குறிப்பாக எக்கோ தொழில்நுட்பர், பெர்ஃப்யூஷனிஸ்ட், தீவிர சிகிச்சைச் செவிலியர் ஆகியோர், ஒரு வாரம் செல்வதைவிட ஆறு மாதம் தங்கிக் கற்பிப்பது பன்மடங்கு பயன் தரும். மொழி ஒரு தடையாகத் தோன்றினாலும், கிழக்கு ஆப்பிரிக்காவின் மருத்துவமனைகளில் பணி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. தாய்மாரிடம் பேசச் சிறிது ஸ்வாஹிலி கற்றுக்கொண்டால் போதும்.

பழைய கருவிகளை அனுப்ப விரும்புவோர், அனுப்பும் முன் அங்குள்ள பொறியாளரிடம் நேரடியாகப் பேசிக்கொள்வது நல்லது. மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் ப்ரோப் குழந்தைகளுக்கேற்ற சிறிய அளவில் இல்லாத எக்கோ கருவியும், உதிரிப் பாகம் உற்பத்தி நின்றுபோன வென்டிலேட்டரும் வந்து இறங்கினால், அவற்றை வைக்க அந்த மருத்துவமனை ஓர் அறையைத்தான் இழக்கிறது.